தழும்பில்லாத காயம்

ஹேர்ணியா என்றால் அது ஆம்பிளைகளின் வருத்தம் என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூட்டை தூக்கும் நாட்டாமைமாருக்கும் வயதுபோன ஐயாமாருக்கும் கவட்டுக்குள் இறங்குகிற ஒன்று, அவ்வளவுதான். குடலிறக்கம் என்று தமிழில் எழுதினாலும் அந்தச் சொல்லைப் பெண்கள் வாயில் நான் அதிகம் கேட்டதில்லை. எனக்கு அது வந்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. இடது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வந்தது. யுத்தத்தில் வந்தது. அதற்கு ஹேர்ணியா என்று ஒருவர் பெயர் சொல்ல ஐந்து வருடம் எடுத்தது. வயிற்றிலோ விலாவிலோ பட்ட அடியோடு இன்றும் நடமாடித் திரியும் சகோதரிகளுக்கு அந்த ஐந்து வருடக் கதை உதவக்கூடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2009 பெப்ரவரி தொடக்கத்தில் நாங்கள் புதுமாத்தளனுக்குக் கிட்ட ஒரு தறப்பாளின் கீழ் இருந்தோம். பங்கருக்கு மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை போட்டிருந்தோம். மண்மூட்டை தைக்கச் சேலையைக் கிழித்த காலம் அது. ஷெல் விழுந்தது கொஞ்சம் தள்ளித்தான். ஆனாலும் அதிர்வில் கூரை சரிந்து ஒரு பனங்குற்றி என் இடப்பக்கத்தில் விழுந்தது. பக்கத்தில் இருந்த மச்சாளுக்கு வயிற்றில் பீஸ் பட்டது. அவவைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்களில் நானும் ஒருத்தி. என் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்டியிருந்தது, வேறொன்றுமில்லை. தோல்கூட உரியவில்லை. இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. அந்த நேரம் மாதவிலக்கும் வந்திருந்தபடியால் எது எது என்று பிரித்தறிய அங்கே வழியுமில்லை, பார்க்க மறைப்புமில்லை.

மச்சாளை அங்கேயே அவசரமாக வயிற்றைத் திறந்து குடலைத் தைத்தார்கள். பிறகு கப்பலில் அனுப்பினார்கள். சர்வதேச செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு அமர்த்திய கிறீன் ஓசன் என்ற கப்பல் அது. 2009 பெப்ரவரி 10ஆம் திகதி முதல் தடவையாக 240 நோயாளர்களைப் புதுமாத்தளனிலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். மார்ச் நடுப்பகுதியிலிருந்து புல்மோட்டையில் இறக்கினார்கள். அங்கே இந்திய மருத்துவக் குழு ஒரு அவசர ஆஸ்பத்திரி போட்டிருந்தது. மே 9 வரையில் இப்படி வந்தவர்கள், காயக்காரர், நோயாளர், துணைக்கு வந்தவர்கள் எல்லோருமாக ஏறக்குறைய 14,000 பேர். கப்பல் கரைக்கு வராது. வள்ளத்தில் ஏற்றித்தான் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். மச்சாளின் பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நான் நடந்தது நினைவிருக்கிறது. அவரும் மகனும் கரையில் நின்றார்கள். மகன் பிறகு வந்து சேர்ந்தான்.

என் பெயர் துணைக்கு வந்தவர்கள் பட்டியலில் இருந்தது. காயக்காரர் பட்டியலில் இல்லை. அதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. கையில்லாதவர், காலில்லாதவர், குழந்தைகள் என்று வந்திறங்கிய இடத்தில், நின்று நடக்கிற ஒருத்தி தன் இடுப்பு நோவைச் சொல்லுவாளா? துணைக்கு வந்த பெண்களில் எத்தனை பேர் தாங்களும் அடிபட்டவர்கள் என்று எங்கும் பதியப்படாமலே போனார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. காயக்காரரைப் பார்க்கிறவளின் காயம் எப்போதும் இரண்டாவதுதான்.

முகாமிலிருந்து 2010இல் விடப்பட்டதும் அவரின் பெரியம்மா வீட்டை நம்பிக் கப்பல்துறைக்கு வந்தோம். பெயரில் கப்பல் இருக்கிறதே ஒழிய எங்கள் ஊருக்குக் கப்பல் வருவதில்லை, கண்டி வீதியில் பஸ்தான். அங்கே நான் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கினேன். விடிய மூன்று மணிக்கு எழும்பி மாக்குழைத்து உரலில் பிழியவேண்டும். உரலை அமத்துகிற வேலை கையால் நடக்கிறது என்று பார்க்கிறவர் நினைப்பார்கள். பலம் வருவது வயிற்றிலிருந்து. ஒவ்வொரு தடவை அமத்தும்போதும் இடப்பக்கம் ஏதோ வெளியே தள்ளுகிற மாதிரி இருக்கும். வேலை முடியும்போது தேசிக்காய் அளவு, பிறகு ஒரு வருடத்தில் மாதுளம்பழம் அளவு. இரவு படுத்தால் இல்லை, காலையில் எழும்பினால் சமதரை. பத்து மணிக்குத் திரும்ப வந்துவிடும்.

ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் காட்டினேன். சாயந்தரத்தில் வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு நிமிசம். உடுப்புக்கு மேலால் கைவைத்துப் பார்த்துவிட்டு வாயு என்று சொல்லி ஓமெப்ரசோல் எழுதித் தந்தார்கள். அது முடிய வேறொரு இடத்தில் கொழுப்புக்கட்டி என்றார்கள், பயமில்லை என்றார்கள். எங்கள் ஊரில் ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. நாரி உளைவுக்கு எண்ணெய் வாங்க நானும் போவதுண்டு, சுகமும் கண்டிருக்கிறேன். ஆனால் இந்த வீக்கத்துக்கு எண்ணெய் பூசி ஒரு மாதம் உருவிப் பார்த்ததில் தோல்தான் மினுங்கியது.

இதற்கிடையில் ஊர் தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. புருசன் இல்லாத ஒருத்தியின் வயிறு ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது. கடைக்குப் போன இடத்தில் ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "எத்தினை மாசம் பிள்ளை?" என்று கேட்டா. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டா. அதுதான் கூட நோவாக இருந்தது. அன்றிலிருந்து கைலேஞ்சியை மடித்து வீக்கத்தில் வைத்து மேலே துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வெளியே போனேன்.

அந்தக் கதை மிட்வைவ் மிஸ்ஸின் காதுக்கும் போயிற்று. ஒரு நாள் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, கர்ப்பவதிப் பதிவுக் கொப்பியோடு வந்து நின்றா.

"ஏன் இன்னும் பதியேல்லை? எங்களுக்குத் தெரியாமல் பிள்ளை பெறலாமெண்டு நினைச்சனீங்களோ?"

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவ கதவைச் சாத்திவிட்டு, "சரி, படுங்கோ பாப்பம்" என்றா. படுத்தேன். வீக்கம் போய்விட்டது. அவ வயிற்றை நாலு பக்கமும் அமத்திப் பார்த்துவிட்டு, "எழும்பி நில்லுங்கோ. இருமுங்கோ" என்றா. இருமினேன். அவவின் கைக்குக் கீழே அது வந்து முட்டியது. "பிள்ளை வயித்துக்கை ஒளிச்சு விளையாடாது அக்கா. இது வேறை. நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ" என்று சொல்லி, ஒரு துண்டில் எழுதியும் தந்தா. பிள்ளை பெறுவிக்கிற ஒருவர் இரண்டு நிமிசத்தில் கண்டுபிடித்தார். செய்தது இவ்வளவுதான்: உடுப்பை விலக்கிப் பார்த்தா, படுக்க வைத்தா, நிற்க வைத்தா, இருமச் சொன்னா.

சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் இருந்த பெரிய டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான். தாதி மொழிபெயர்த்தா. முதல் கேள்வி, முன்னர் ஒப்பரேசன் செய்த இடமா? இல்லை. தழும்பைத் தேடினார், இல்லை. அடுத்த கேள்வி, அடிபட்டதா? என் வாய் வரண்டது. அந்தக் காலத்தில் எங்கே இருந்தாய், எப்போது வந்தாய், எப்படிப் பட்டது என்ற கேள்விகள் எல்லாம் வேறு ஆட்கள், வேறு மேசைகளில் கேட்ட கேள்விகள். வன்னியிலிருந்து வந்த பெண்களில் அநேகம் பேர் ஆஸ்பத்திரியில் "விழுந்தனான்" என்றுதான் சொல்லிப் பழகியிருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. நான் தாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "மிஸ், அது 2009இல. பங்கர்க் குத்தி விழுந்தது" என்றேன். அவ பேனையைக் கீழே வைத்தா. பிறகு டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னா.

அவர் எந்த இடம், யாரோடு என்று ஒன்றும் கேட்கவில்லை. குற்றி எவ்வளவு தடிப்பு? எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது? நீங்கள் இருந்தனீங்களா, படுத்திருந்தனீங்களா? அந்தக் கிழமை சிறுநீரில் இரத்தம் போனதா? அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கு மேல் சிலிர்த்தது. ஐந்து வருடமாக யாருக்கும் சொல்லாத ஒன்றை அந்த மனிசன் தன்பாட்டில் கேட்கிறார்.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கீறிக் காட்டினார். எனக்கு விளங்கினதை என் பாசையில் சொல்கிறேன். வயிற்றின் பக்கச் சுவரில் தசை மூன்று அடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கின் நாரும் ஒவ்வொரு திசையில் ஓடும், நாங்கள் கடகத்தை உள்ளுக்கும் வெளிக்குமாக இரண்டு பட்டில் இழைத்துப் பொத்துகிற மாதிரி. முன்பக்கம் நெஞ்சிலிருந்து கீழ்வரை இரண்டு நெட்டைத் தசைகள். இவையெல்லாம் சேர்ந்துதான் குடலை உள்ளே வைத்திருக்கின்றன. தோல் இழுபடும், தசையும் அதன் உறையும் அவ்வளவுக்கு இழுபடாது. மொட்டையான ஒரு பொருள் வேகமாக வந்து அடிக்கும்போது தோல் இழுபட்டுத் தப்பிவிடும், உள்ளே தசை கிழிந்துவிடும். எனக்குத் தசை இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தே பிய்ந்திருந்தது, சட்டையில் பொத்தான் துணியோடு பிய்ந்து வருவதுபோல. அந்த வாசலால் குடல் வெளியே வந்துவந்து போனது. வாசல் ஒருபோதும் தானாகச் சாத்துப்படாது. நடக்க, இரும, முக்க, தூக்க, அது பெருக்கும்.

இப்படி அடிபட்டு, தோலில் காயமில்லாமல் வருகிற குடலிறக்கத்தை 1906இலேயே செல்பி என்ற அமெரிக்க வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார். மோட்டர் வாகன விபத்தில் சீற் பெல்ட் இறுக்கினவர்களுக்கும், சைக்கிள் ஹாண்டில் வயிற்றில் குத்தின பிள்ளைகளுக்கும், மாடு முட்டினவர்களுக்கும் வருகிறது. வயிற்றில் மொட்டையாக அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் இது காணப்படுகிறது. அரிது என்பதால்தான் தவறவிடப்படுகிறது. அதைவிட, அடிபட்ட அன்று அந்த இடம் இரத்தம் கண்டி வீங்கியிருப்பதால் கண்டலா குடலா என்று கையால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். கண்டல் வீக்கம் இருமினால் எழும்பாது, படுத்தால் உள்ளே போகாது, கிழமைக்கணக்கில் தானாக வற்றும். குடலிறக்கம் போய்ப்போய் வரும். நிச்சயப்படுத்துவதற்கு நல்லது சீ.ரி. ஸ்கான். வாசல் எவ்வளவு அகலம், உள்ளே வந்திருப்பது கொழுப்பா குடலா, சுற்றியுள்ள தசை எப்படி, எல்லாம் அதில் தெரியும். சாதாரண ஸ்கானும் உதவும். படுக்க வைத்துமட்டும் பார்த்தால் சில வேளை ஒன்றும் தெரியாது, ஆகவே "நான் நிக்கேக்கைதான் வாறது" என்று ஸ்கான் எடுக்கிறவருக்குச் சொல்லவேண்டும். உடம்பில் பீஸ் இருக்கிறவர்கள் எந்த ஸ்கானுக்கு முன்னரும் அதைச் சொல்லுங்கள். சீ.ரி.க்குப் பிரச்சினையில்லை. எம்.ஆர்.ஐ. காந்தத்தால் வேலை செய்வது. உள்ளே இருக்கிற இரும்புத்துண்டை அது அசைத்துவிடக்கூடும்.

குற்றியோடு மட்டும் இதை நிறுத்த எனக்கு மனமில்லை. துவக்குச் சோங்கால் இடிபட்டவர்கள் இருக்கிறார்கள். சுனாமியில் மரத்தோடும் சுவரோடும் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் உதைபட்டவர்கள் இருக்கிறார்கள், அதைச் சொல்வது பங்கரைச் சொல்வதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வைத்தியருக்குத் தேவைப்படுவது யார் அடித்தது என்பதல்ல. எது பட்டது, எங்கே பட்டது, எவ்வளவு பாரம், எந்த வருடம். அந்த நாலையும் சொன்னால் போதும். தழும்பில்லாத இடத்தில் வைத்தியர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? எங்கள் வாயிலிருந்து வருவது ஒன்றுதான் அவருக்கு இருக்கிறது.

மச்சாளுக்கு வந்தது மற்ற வகை. பீஸ் பட்டு, வயிற்றை நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை திறந்து தைத்த இடத்தில் வந்தது. நல்ல ஆஸ்பத்திரியில், நல்ல நேரத்தில் நடுவயிற்றைத் திறந்தாலும் நூறு பேரில் பத்து முதல் இருபது பேருக்குப் பிறகு அந்தத் தையல் வழியால் குடலிறக்கம் வருகிறது என்று சொல்கிறார்கள். குடல் கிழிந்து அழுக்குப்பட்ட வயிறு, சாப்பாடில்லாத உடம்பு, சீழ் வைத்த புண் என்றால் அதைவிடக் கூட. கடுமையான காயங்களில் உயிரைப் பிடிப்பதற்காக வயிற்றைத் தைக்காமல் மூடிமட்டும் வைத்துப் பிறகு தைப்பதும் உண்டு. ஆகவே அந்த நாட்களில் ஒப்பரேசன் செய்தவர்களைக் குறை சொல்லிக் கதைக்கிறவர்களோடு நான் சண்டை பிடிப்பேன். அந்தக் கையால்தான் மச்சாள் இன்று உயிரோடு இருந்து என்னோடு வாய்காட்டுகிறா.

அவவுக்கு வயிறு முழுவதுமே முன்னுக்குத் தொங்கியது. முன்தசை பிடிக்காதபடியால் நாரி ஓயாமல் உளைந்தது. தோல் மெல்லிதாகி, குடல் அசைவது வெளியே தெரியும். 2012இல் ஒரு தடவை தைத்தார்கள். அந்த நேரம் பழைய புண்ணில் கிருமி இருந்ததால் வலை வைக்கவில்லை, நூலால் மட்டும் இழுத்துத் தைத்தார்கள். இரண்டு வருடத்தில் திரும்ப வந்தது. இதுவும் தெரிந்த விசயம்தான். 2000ஆம் ஆண்டு நெதர்லாந்து வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், நூலால் மட்டும் தைத்தவர்களில் மூன்று வருடத்தில் 43 வீதமானோருக்கும், வலை வைத்தவர்களில் 24 வீதமானோருக்கும் திரும்ப வந்திருந்தது. வலை வைத்தாலும் நூற்றுக்கு நூறு இல்லை என்பதையும் அதிலே பாருங்கள்.

பிள்ளை பெற்ற பிறகு நடுவயிறு பிரிந்து, படுத்திருந்து தலையைத் தூக்கும்போது நீளமாக ஒரு மேடு எழும்புவது பல பெண்களுக்கு இருக்கிறது. அது தசை இரண்டும் விலகியிருப்பது. வாசல் இல்லை, குடல் சிக்காது. அதைக் கண்டு பயந்து ஓடவேண்டாம், ஆனால் ஒருதரம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.

பயப்படவேண்டியது எதற்கென்றால், வழக்கமாக உள்ளே போகிற வீக்கம் ஒரு நாள் போகாமல் கல்லுப்போல நின்றால். தொட நோகிறது, தோல் சிவக்கிறது, சத்தி வருகிறது, காத்துப் பறியவில்லை, வெளிக்குப் போகவில்லை என்றால் குடல் அந்த வாசலில் நெரிபட்டுவிட்டது என்று அர்த்தம். இரத்தம் ஓடாத குடல் சில மணித்தியாலங்களில் அழுகத் தொடங்கும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ஒத்தடம் பிடிக்கவோ, பலவந்தமாக உள்ளே தள்ளவோ, கசாயம் குடிக்கவோ கூடாது. ஒன்றும் தின்னாமல் குடியாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இன்னொன்று, பெரிய வீக்கம்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். அகன்ற வாசலால் குடல் போய்வரும், ஒடுங்கிய வாசலில்தான் கூடச் சிக்கும். சின்ன வீக்கம் என்று அசட்டை பண்ணாதீர்கள். இடுப்புப் பெல்ட் தாங்கிப் பிடிக்கும், வேலை செய்ய உதவும். வாசலைச் சாத்தாது.

எனக்கு ஒப்பரேசன் 2014இல் நடந்தது. டொக்டர் சொன்னதில் மருத்துவப் பகுதி எனக்குப் பயத்தைத் தரவில்லை. "மூண்டு மாசம் பாரம் தூக்கக்கூடாது" என்று தாதி சொன்னபோதுதான் தலை சுற்றியது. தண்ணீர் அள்ளாமல், விறகு தூக்காமல், உரல் பிழியாமல் மூன்று மாதம் என் வீடு எப்படி ஓடும்? எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் கிளினிக் கொப்பியில் திகதி போட்டும் போகாமல் நிற்பது இந்த இடத்தில்தான். கத்திக்குப் பயந்தல்ல, குடத்துக்குப் பயந்து. நான் மாதர் சங்கக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். என் வயிற்றைப் பற்றி ஊர் கதைத்தது எல்லோருக்கும் தெரிந்தபடியால் வெட்கப்பட ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஏழு வீடு, ஏழு நாள் என்று தண்ணீருக்கு முறை போட்டார்கள். எத்தினை மாசம் என்று கேட்ட பெரியம்மா வெள்ளிக்கிழமைக்காரி. இடியப்ப ஓடர்களைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி எடுத்துச் செய்தாள். லாபத்தில் பாதி எனக்குத் தரவேண்டும் என்று பேச்சு. அவள் முதல் மாதம் தந்தாள், இரண்டாம் மாதம் கொஞ்சம் குறைத்தாள். அதுவும் நடந்ததுதான்.

ஒப்பரேசனில் குடலை உள்ளே விட்டு, ஒரு வலையை வைத்து, தசையோடும் இடுப்பெலும்பின் விளிம்போடும் சேர்த்துத் தைத்தார்கள். வலை வாசலைவிட எல்லாப் பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் அளவு கூடுதலாக இருக்கவேண்டும். கிழிசலுக்கு ஒட்டுப் போடும்போது நாங்கள் சும்மா ஓட்டையளவு துணியா வெட்டுகிறோம்? அதே கணக்கு. காலப்போக்கில் எங்கள் சதை அந்த வலைக்கண்களுக்குள்ளால் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இந்தப் பிளாஸ்டிக் வலையை 1950களின் கடைசியில் அமெரிக்காவில் பிரான்சிஸ் அஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கொண்டுவந்தார். மகாராஷ்டிரத்தில் தொண்டாய்ச்சா என்ற சிறு பட்டணத்தில் டொக்டர் தோங்காவ்கர், விலை கூடிய வலைக்குப் பதிலாக நுளம்பு வலைத் துணியையே வெட்டிக் கிருமி நீக்கிப் பாவித்து 2003இல் அதன் பலனை எழுதினார். உகண்டாவில் கவட்டுக் குடலிறக்கமுள்ள முந்நூறு ஆண்களில் செய்து 2016இல் வெளியான ஆய்வும் அந்தத் துணி கம்பனி வலைக்குக் குறைந்ததல்ல என்றே சொன்னது. முகாமில் நுளம்பு வலைக்காக வரிசையில் நின்ற எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. வீட்டு வலையை யாரும் வெட்டிவிடாதீர்கள், அது விசேடமாகத் தயாரிக்கிற துணி.

ஆறாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். பக்கத்தில் குழாய் ஒன்று வைத்து நீர் வடிய விட்டிருந்தார்கள், அதைப் பிறகு எடுத்தார்கள். எடுத்த பின்னும் கொஞ்சம் நீர் கட்டியது, தானாக வற்றியது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். இதைச் சொல்லித் தந்த பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு நன்றி. மூன்று மாதம் என்றது நாலாக நீண்டது. குளிர் நாளில் இன்றும் அந்த இடம் இறுகி வலிக்கும். ஆனால் பத்து வருடத்துக்கு மேலாக வீக்கம் வரவில்லை. உரல் பிழிகிறேன், மகன் பெரியவனாகிவிட்டபடியால் தண்ணீர்க் குடத்தை அவன் தலையில் கட்டிவிட்டேன்.

மச்சாளின் விசயம் இன்னும் முடியவில்லை. அவவுக்கு முன்தசை இரண்டும் தூர விலகிவிட்டபடியால், பக்கத்துத் தசையின் ஒரு அடுக்கை விடுவித்து நடுவுக்கு இழுத்து, அதற்குப் பின்னால் வலை வைத்துத் தைக்கவேண்டுமாம். நேரமெடுக்கிற பெரிய ஒப்பரேசன். அதற்கு முதல் சீனி வருத்தம் கட்டுக்குள் வரவேண்டும், உடம்பு குறையவேண்டும், நாட்பட்ட இருமலுக்கு மருந்தெடுக்கவேண்டும், மலம் இறுகாமல் பார்க்கவேண்டும், புகையிலையை விடவேண்டும் என்று ஐந்து நிபந்தனை. நாலுக்கும் தலையாட்டினா. ஐந்தாவதுக்கு, "புகையிலை வாய்க்கை, ஹேர்ணியா வயித்துக்கை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று டொக்டரிடமே கேட்டா. புகையிலை இரத்தக் குழாயைச் சுருக்கிப் புண் ஆறுவதைக் கெடுக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஏழு மாதமாக அவவின் வெற்றிலைத் தட்டத்தில் பாக்கு மட்டும்தான் இருக்கிறது, மணந்து பார்த்து நிச்சயப்படுத்துவது என் வேலை.

வருகிற மாதம் வார்ட்டில் எடுக்கிறார்களாம். தண்ணீர் முறைக்கு ஏழு வீட்டில் ஐந்து வீடு சரி, இரண்டு பேர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், அதற்கு ஆள் பார்க்கிறோம். மகன் ஒரு தாளில் அவவுக்காக எழுதிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறான்: 2009 பெப்ரவரி, ஷெல் பீஸ், நடுவயிறு, குடல் தைத்தது, புண் சீழ் வைத்தது, 2012 திரும்பத் தைத்தது, வலை இல்லை, வலது தொடையில் ஒரு பீஸ் இன்னும் இருக்கிறது. வாசித்துக் காட்டச் சொன்னா, வாசித்தோம். "வலது தொடையிலை ஒண்டில்லை, ரெண்டு" என்று திருத்தினா.